பதினோரு வருடம் வகுபடாத எண்

மார்ச் 4, செவ்வாய்

கணிதத் துறைத் தலைவர் மறுபடியும் தன் பங்கு விடைத்தாள்களை என் தலையில் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்தால், துடைக்கிறேன் பேர்வழி என்று மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த தம்பியின் அஞ்சலட்டையை என் மனைவி வெளியே எடுத்துப் போட்டிருக்கிறாள். அதில் ஒரே ஓர் எண்: 16924181.

சிறு வயதில் எங்களுக்குள் ஒரு வழக்கம். சண்டை வந்தால் பேசமாட்டோம், ஓர் எண்ணை எழுதி நீட்டுவோம். எதாலும் வகுபடாத பகா எண் என்றால் காய். வகுபட்டால் பழம். கையால்தான் வகுக்க வேண்டும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஒரே இடத்துக்கு இருவரும் விண்ணப்பித்தோம். அவனுக்குக் கிடைத்தது. "என் நோட்டைப் பாத்து எழுதினவன்தானே நீ" என்று அவன் நண்பர்கள் முன்னால் கேட்டேன். அடுத்த மாதம் இந்த அட்டை வந்தது. ஒன்பது நாள் உட்கார்ந்து, 4113 வரையுள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்தேன். வர்க்கமூலம் அங்கே முடிகிறது, அதற்கு மேல் தேவையில்லை. ஒன்றாலும் வகுபடவில்லை.

காய். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

மார்ச் 5

இவள் அந்த எண்ணைப் போனில் தட்டிவிட்டாள். "1697, 9973ன்னு ரெண்டு காட்டுது. இதுக்கா இத்தனை வருஷம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க?"

போன் தப்பு என்றேன்.

"ஆமா, உலகமே தப்பு. நீங்க ஒருத்தர்தான் சரி."

மார்ச் 6

பெருக்கிப் பார்த்தேன். மூன்று முறை. சரியாகத்தான் வருகிறது.

மார்ச் 9, ஞாயிறு

பழைய நோட்டு பரணில் கிடைத்தது. என் பகா எண் பட்டியலில் 1697ஐச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 23 × 73 என்று எழுதியிருக்கிறேன். 23 × 73 என்பது 1679. அடிக்க வேண்டியதை விட்டுவிட்டு, அடிக்கக் கூடாததை அடித்து, அதால் வகுக்காமலே போயிருக்கிறேன். ஒன்று வெளியே போய் ஒன்று உள்ளே தங்கியதால் பட்டியலில் மொத்தம் 566 பகா எண்கள் என்று கணக்கு சரியாகவே வந்தது. என் வகுப்பில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் சுழி போட்டிருப்பேன்.

பழம்னுதான் அனுப்பியிருக்கான். ஏன்டா, இவ்வளவு பெரிய எண்ணா? — அண்ணன் கண்டுபிடிச்சிடுவான்னு நம்பித்தானே. அம்மா போனப்போ பக்கத்துல வந்து நின்னான். நான் நகர்ந்து போயிட்டேன்.

மார்ச் 10

ஓர் அஞ்சலட்டையில் 4 என்று மட்டும் எழுதிப் போட்டேன். யாராலும் தப்பாக வகுக்க முடியாத எண்.

மார்ச் 19

தபால் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

பதில் வந்தது. அட்டை நடுவில் 1.

பகா எண்ணும் அல்ல, பகு எண்ணும் அல்ல. காயும் இல்லை, பழமும் இல்லை. "அப்ப ஒண்ணு எதுல சேர்த்தி அண்ணா?" என்று ஏழு வயதில் நச்சரித்தவனிடம், "எதுலயும் சேராது, போடா" என்று சொன்னவன் நானே.

இவளிடம் காட்டினேன். "பதில் போட்டிருக்காருல்ல, அதைப் பாருங்க" என்றாள்.

பழைய அட்டையை எடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு அடியில் இதை வைத்தேன். இதில் வகுத்துப் பார்க்க எதுவும் இல்லை.