ஏழுக்கு அரை மார்க் குறைவு

மார்ச் 4

வெளிநாட்டு வேலைக்கான இங்கிலீஷ் தேர்வு ரிசல்ட் வந்தது. கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் ஏழுக்கு மேல். எழுதுவதில் ஆறரை. போன தடவையும் ஆறரை. நாலிலும் ஏழு வந்தால்தான் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எனக்கு எக்ஸ்ரே வேலை கிடைக்கும். இரண்டு சம்பளம் இருந்தால்தான் அங்கே மூன்று பேர் குடும்பம் நடத்த முடியும். மனைவி நர்ஸ் வேலை கிடைத்து மகளோடு அங்கே போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நடுவில் நந்தி மாதிரி இந்த அரை மார்க். நாற்பத்துமூன்று வயதில் மார்க்குக்காக அழுகிறேன், வெட்கக்கேடு.

மார்ச் 9

கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். டீச்சருக்கு என் வயதில் பாதி. "அங்கிள்" என்றாள். முறைத்தேன். "சார்" ஆக்கினாள். என் கட்டுரையைப் படித்துவிட்டு, "உங்க இங்கிலீஷ்ல தப்பு இல்ல சார். ஆனா பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. அகடமிக் வார்த்தை வேணும்" என்றாள். கெடுதலை இனி 'பேட்' என்று சொல்லக் கூடாதாம், 'டெட்ரிமென்டல்' என்று சொல்ல வேண்டுமாம். கெடுதல் என்னவோ அதேதான், கோட்டு போட்டுக்கொண்டு வருகிறது.

மார்ச் 15

வீடு முழுக்க வார்த்தைச் சீட்டு ஒட்டியாயிற்று. முகம் பார்க்கும் கண்ணாடியில் 'இன்எவிட்டபிள்' — தவிர்க்க முடியாதது. அதற்கு நேர் கீழே என் மூஞ்சி.

மார்ச் 22

இன்று மானம் கப்பலேறியது. நெஞ்சு எக்ஸ்ரேக்கு வந்த பெரியவரிடம், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். பட்டனை அமுக்கினேன். 'யுபிக்விடஸ்' என்றால் என்ன? காலையில்தான் படித்தேன், ஞாபகம் வரவில்லை. அதையே முணுமுணுத்துக்கொண்டு நின்றதில் "விடுங்க" என்று சொல்லவே மறந்துவிட்டேன். மனிதருக்குக் கண் பிதுங்கிவிட்டது. கடைசியில் அவரே விட்டுவிட்டு, "ஏன் தம்பி, மூச்ச வீட்டுக்குப் போயித்தான் விடணுமா?" என்றார். கூட இருந்த நர்ஸ் கதையை கேன்டீன் வரை கொண்டுபோய்விட்டாள். இனிமேல் எனக்கு டிக்ஷனரி என்று பெயர்.

ஏப்ரல் 2

போனில் மகளிடம் 'நெவர்தலெஸ்' போட்டு ஒரு வாக்கியம் சொன்னேன். எட்டு வயது வாண்டு, விழுந்து விழுந்து சிரிக்கிறது. "இப்படி யாருமே பேச மாட்டாங்கப்பா" என்கிறது. மனைவி போனை வாங்கி, "படிப்பு எப்படிப் போகுது?" என்றாள். "பின்றேன்ல" என்றேன். "ம்... அப்படியா" என்றாள். அவ்வளவுதான். என் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது போல.

ஏப்ரல் 3

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அந்த ஊருக்குப் போகவே பிடிக்கவில்லை. எனக்கு அவர்கள்தான் வேண்டும். இதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

ஏப்ரல் 19

தேர்வு. கட்டுரைத் தலைப்பு: வேலைக்காகக் குடும்பம் பிரிந்திருப்பதில் நன்மை அதிகமா, தீமை அதிகமா? எவன் யோசித்துப் போட்டானோ. இரண்டு பக்கமும் எழுத வேண்டும் என்பது டீச்சர் கட்டளை. தீமை கடகடவென்று வந்தது, டெட்ரிமென்டல் இரண்டு இடத்தில். நன்மை? பேனாவைக் கடித்தேன். 'பணம்' என்று எழுதினேன். அப்புறம், 'குழந்தை சீக்கிரமே பொறுப்பாக வளரும்' என்று எழுதினேன். போன மாதம் மகளுக்குக் காய்ச்சல். "அப்பாகிட்ட சொல்லாதம்மா, அவரு படிக்கிறாரு" என்றாளாம். எழுதியதை அடித்தேன். அடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று பேப்பரை வாங்கிக்கொண்டார்கள்.

மே 3

ஆறரை.

"நன்மைப் பாரா எழுதலையா சார்?" என்று டீச்சர் கேட்டாள். "யோசிச்சேன்மா, வரல" என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மனைவிக்குப் போன் செய்தேன். "மன்னிச்சிடு. இன்னொரு தடவை எழுதுறேன்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிக்கிறாள்.

"வேணாங்க. இந்தத் தடவை பாஸ் ஆயிடுவீங்களோன்னு எனக்குத் தூக்கமே இல்ல."

"என்னடி சொல்ற?"

"ஆயிட்டா இங்கயே இருந்தாகணுமே. எனக்கு இங்க பிடிக்கலைங்க. நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கிறப்ப அத எப்படிச் சொல்றது? ஜூன்ல கான்ட்ராக்ட் முடியுது. புதுசுக்குக் கையெழுத்துப் போடல."

அடிப்பாவி. நானும்தானே — ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பயந்துகிட்டு, இதுக்கா நான் இவ்வளவு மனப்பாடம் பண்ணேன்? அப்புறம் இருவரும் அழுதோம். நான்தான் அதிகம்.

ஜூலை 8

வேலைக்கு லேட். குளியலறை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மகள் பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கிறாள். வெளியே மனைவி துண்டோடு நிற்கிறாள். புது ஆஸ்பத்திரியில் அவளுக்கு இன்று முதல் நாள், அங்கே வாங்கியதில் பாதிகூட வராத சம்பளம். குளிக்கிற வரிசையில் எனக்கு மூன்றாவது இடம். கதவைத் தட்டினேன், கத்தினேன், ஒருத்தரும் சட்டை செய்யவில்லை.

சூப்பர்வைசர் காரணம் கேட்டார்.

"வீட்ல பாத்ரூம் காலியில்ல சார்" என்றேன்.

"அத ஏன்யா இவ்வளவு பெருமையா சொல்ற?" என்றார்.