நண்டுத்துறைத் தோணிகள் ஏன் ஓடவில்லை?

வெண்கழி நாடு வாழ்க. அதன் அளங்களில் உப்பும் ஆறுகளில் நீரும் குறையாதிருப்பதாக.

மூன்று கழிகளுக்கும் இரண்டு குன்றங்களுக்கும் உரிமை பூண்டவளும், அலைக்கொடி உயர்த்திய பெருங்கோவின் மகளும், கடற்கரையாருக்கும் மலைநாட்டாருக்கும் ஒருசேர நிழல் தரும் வெண்குடையை உடையவளுமாகிய இளம்பொறை மாதேவி, நண்டுத்துறையின் நாயகமாய் அமர்ந்து நம் உப்பு வாணிகத்தின் தோணிகளையும் தோணியாட்களையும் நெடுநாள் காத்துவரும் நல்லினியாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் அலை அடங்கியிருப்பதாக. உம் ஆட்கள் நலமாயிருப்பாராக. ஆண்டுதோறும் நீர் அனுப்பும் நெத்திலிக் கருவாடு இவ்வாண்டு வரவில்லை. நாம் அதை மறக்கவில்லை என்பதையும் அறிக. அது வராத காரணமும் இவ்வோலையின் பொருளுக்குள்ளேயே அடங்கும்.

மேற்குன்றத்து ஊரார் சென்ற பிறைநாளில் நம் வாயிலுக்கு வந்தனர். முறையீட்டு ஓலை எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு பானைத் தினைக்கூழ் கொண்டுவந்தனர். அக்குன்றத்து வழக்கம் உமக்குத் தெரிந்திருக்கும். குறையை வாயால் சொல்லமாட்டார்கள், கேட்பவர் வாயில் வைப்பார்கள். அவையில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தொன்னை வார்த்தனர், நமக்கும் வார்த்தனர். குடித்தோம். உப்பு என்பது பெயருக்குக்கூட இல்லை. விழுங்கவும் முடியவில்லை, அரியணையில் அமர்ந்துகொண்டு துப்பவும் முடியவில்லை! அவர்களுள் ஒருத்தி நம் முகத்தைப் பார்த்து, "ஒரு வாய்க்கே மூஞ்சி இப்படிப் போகுதே தாயி, எங்க புள்ளைக கார் முடிஞ்சதுலேருந்து இதைத்தான் குடிக்குதுக" என்றாள். எழுத்தர் இச்சொற்களைச் செம்மைப்படுத்த முனைந்தார். அவள் சொன்னபடியே எழுதுக என்று தடுத்தோம்.

உம் துறையிலிருந்து மேற்குன்றத்திற்கு ஒரு பிடி உப்பும் போகவில்லை என்பது அப்போதுதான் நமக்குத் தெரியவந்தது. நம் வாணிகம் நடக்கும் முறையை நீர் அறிவீர். ஆயினும் இவ்வோலை அவையில் உரக்கப் படிக்கப்பட்ட பின்னரே உம்மிடம் வரும் ஆகலின், கேட்போர் பொருட்டு அதையும் சொல்லிவைக்கிறோம். ஆண்டுதோறும் கார்காலத்திற்கு முன் அமைச்சர் கொற்றனார் வினையோலை ஒன்று வரைவார். எந்த அளத்து உப்பை எப்போது வாருவது, எந்தத் துறையில் எவரை நிறுத்துவது, எந்தத் தோணி எந்தத் திங்களில் எவ்விடம் செல்வது என்பனவெல்லாம் அதில் இருக்கும். துறைகள் யாவும் அவ்வோலையைப் பார்த்தே இயங்கும். உம் துறைக்கு அவர் எழுதியது ஒரே வரிதான்: கார் ஓய்ந்ததும் பழந்தோணிகளை ஓட்டுக.

காரணம் அறிந்துவரக் கண்காணி ஆதனை அனுப்பினோம். அவன் கண்டுவந்து சொன்னது இது. தோணிகள் யாவும் மணலில் குப்புறக் கிடந்தனவாம். ஆணும் பெண்ணுமாய் அவற்றின்மேல் ஏறி அமர்ந்து, அவிழ்ந்த பலகைகளைக் கயிற்றால் தைத்துக்கொண்டும், விரிசல்களில் நார் திணித்துக்கொண்டும், கீல் காய்ச்சிப் பூசிக்கொண்டும் இருந்தனராம். மாதேவியின் கட்டளை என்னவாயிற்று என ஆதன் வினவ, தோணித்தச்சர் சேந்தனார் கையிலிருந்த ஊசியைக் கீழே வைக்காமலே, "அதைத்தானய்யா செஞ்சுக்கிட்டு இருக்கோம். ஒட்டுன்னு எழுதி வந்துச்சு, ஒட்டுறோம். கண்ணு தெரியலையா?" என்றாராம். அவன் உம்மிடம் வந்தபோது நீர் அந்த ஓலையையே எடுத்து நீட்டி, "நீங்களே படிச்சுப் பாருங்க. எங்களுக்கு ஒட்டுகன்னுதான் தெரியுது. தப்புன்னா எழுதினவங்களைப் போய்க் கேளுங்க" என்று சொன்னதாகவும், சொல்லும்போது உம் முகத்தில் ஒரு சலனமும் இல்லை என்றும் ஆதன் உரைத்தான்.

ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று, குறில் ஒகரத்தின்மேல் வைக்கவேண்டிய புள்ளியை நம் எழுத்தர்கள் வைப்பதில்லை. புள்ளி இல்லாத ஓலையில் ஒகரம் குறிலா நெடிலா என்று எழுத்துச் சொல்லாது. படிப்பவர்தாம் இடம் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டும். நெடிலாகப் படித்தால், தோணியை நீரில் இறக்கிச் செலுத்துக என்று பொருள். குறிலாகப் படித்தால், தோணிக்கு ஒட்டுப்போடுக என்று பொருள். கீறல் என்னவோ ஒன்றேதான். ஆதன் இதை விளக்கியபோது அவையில் சிரிப்பு எழுந்தது. நமக்கும் அடக்க முடியவில்லை.

கொற்றனார் சிரிக்கவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாதவரிடம் ஒரு துறையை ஒப்படைத்திருப்பது நாட்டுக்கே இழுக்கு என்றும், நல்லினியாரை நாயகத்திலிருந்து நீக்கி, துறைவீட்டை விட்டு வெளியேற்றி, தாம் தேர்ந்த ஒருவரை அங்கு அமர்த்த வேண்டும் என்றும், அன்றே நம் முத்திரையைக் கேட்டார். கேட்டதோடு நிற்காமல், தாம் ஆண்டுதோறும் இதே ஓலையைப் படியெடுத்து அனுப்புவதாகவும், பொறுப்பேற்ற நாள்முதல் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றியதில்லை என்றும், இதுவரை ஒருவரும் அதைத் தவறாகப் படித்ததில்லை என்றும் நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார்.

அடடா! அங்கேதான் நாம் காதைத் தீட்டிக்கொண்டோம். ஓர் எழுத்தும் மாறாத ஓலையை இத்தனை ஆண்டுகள் ஓட்டுக என்று படித்து ஓட்டியவர், இவ்வாண்டு மட்டும் ஒட்டுக என்று படித்தது எங்ஙனம்? கண் மங்கிவிட்டதா? நல்லினியாருக்குக் கண் மங்கிற்று என்றால் கழிக்கரையில் எவரும் நம்பமாட்டார். அக்கரையில் எவன் வலையில் என்ன மீன் என்று இக்கரையிலிருந்தே சொல்பவர் நீர். ஆகவே அமைச்சர் கேட்ட முத்திரையை நாம் கொடுக்கவில்லை. ஆதனை மீண்டும் அனுப்பினோம். இம்முறை ஒன்றும் வினவாதே, அவர்களோடு உட்கார்ந்து கயிறு திரித்துக்கொடு என்று சொல்லி அனுப்பினோம்.

அவன் உள்ளங்கையில் கொப்புளங்களோடு திரும்பினான். கூடவே சேந்தனார் சொன்னதையும் கொண்டுவந்தான். அதை மாற்றாமல் ஈங்குத் தருகிறோம்: "போன வருசம் முகத்துவாரத்து மணல்திட்டுல ஏறி இறங்கையிலே நடுத்தோணி ரெண்டாப் பொளந்துடுச்சு. மாசாத்தியும் அவ புருசனும் உப்போட உள்ளே போயிட்டாங்க. அரண்மனையிலேருந்து உப்பு எவ்வளவு போச்சுன்னு மட்டும் கேட்டு ஆள் வந்துச்சு. அவங்க புள்ளைக ரெண்டும் இப்போ நாயகத்தம்மா வீட்டுலதான் வளருதுக. தோணி அத்தனையும் கயிறு இத்துக் கெடக்கு. இந்த வருசமும் ஓட்டுன்னா யாரை ஏத்தி விடுறது, நீயே சொல்லு."

துறைவீட்டிலிருந்து வெளியேற்றுக என்று அமைச்சர் கேட்டது அந்தப் பிள்ளைகள் இருக்கும் வீட்டிலிருந்தே என்பது மனத்தில் தைத்தது. தோணிகளைக் கரையேற்ற ஒரு பருவம் வேண்டும், கயிறும் கீலும் வேண்டும் என்று நீர் முன்னரே கேட்டிருந்ததாகவும் சேந்தனார் ஆதனிடம் சொல்லியிருக்கிறார். உண்மையா என்று கொற்றனாரைக் கேட்டோம். உண்மைதான் என்றார். ஏன் செய்யவில்லை என்றோம். வினையோலையில் அதற்கு இடமில்லை என்றார். இடமில்லை என்றால் என்ன பொருள் என்று கேட்டோம். ஓலையின் நீளம் அவ்வளவுதான் என்றார், நல்லினியாரே! கேட்டது நம் காதுதானா என்று ஐயுற்று அருகிருந்தவரைப் பார்த்தோம். அவர் தம் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நமக்குக் கோபம் வந்தது. முதலில் அவர்மேல் வந்தது. அது ஆறுவதற்குள் உம்மேலும் வந்தது. உம் ஆட்களைத் திட்டில் சாகவிடமாட்டேன் என்று நீர் முடிவு செய்தீரே, அது சரி. கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாத அரண்மனையின் கண்ணில் அதன் ஓலையாலேயே மண்ணைத் தூவினீரே, அதையும்கூடப் பொறுப்போம். சொல்லப்போனால் தனியே இருக்கையில் அதை நினைத்து இன்னொரு முறை சிரித்தோம். ஆனால் குன்றத்தார் உமக்கு என்ன செய்தனர்? இவ்வாண்டு தோணி வராது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஓர் ஆளை மேலே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி வாளாவிருந்தீர். உம் துறைப் பிள்ளைகளுக்காக நீர் செய்ததற்கு மலைப்பிள்ளைகள் கூழில் விலை கொடுத்தனர். இதை உமக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார். ஆகலின் நாம் சொல்கிறோம்.

இனி நாம் கேட்பவை. அதட்டலாக எண்ணவேண்டா, தெரிந்துகொள்ளும் ஆசையால் கேட்கிறோம். தோணி ஒன்றைப் பிரித்துத் தைக்க எத்தனை நாள் ஆகும், எத்தனை கை வேண்டும்? கயிறு இற்றுவிட்டது என்று அறிவது கண்ணாலா, விரலாலா, அல்லது கேட்கும் ஒலியாலா? எழுதிய திட்டத்தின்படி வேலை போகவில்லை என்பது முதலில் எவருக்குத் தெரியும்: உமக்கா, சேந்தனாருக்கா, துடுப்புப் போடுபவருக்கா? தெரிந்தவர் அதை எவரிடம் சொல்வார்? அச்சொல் நம்மிடம் வந்துசேர எத்தனை வாயில்கள் தாண்டவேண்டும், எந்த வாயிலில் அது நின்றுபோகிறது? திட்டம் ஒன்று, கடல் வேறொன்று சொல்கிறது, அப்போது அங்கேயே நின்று திட்டத்தை மாற்றும் உரிமை எவருடையது? இவற்றைக் கொற்றனாரிடமும் கேட்டோம். இத்தனை ஆண்டு உம் துறைக்கு வினையோலை வரைந்தவர் உம் துறைக்கு ஒருமுறையும் வந்ததில்லையாம். கடற்காற்று அவர் உடம்புக்கு ஒவ்வாதாம்.

ஆகலின் நம் ஆணை கேட்பீராக.

நண்டுத்துறை நாயகம் உம்முடையதே, துறைவீடும் உம்முடையதே, மாசாத்தியின் பிள்ளைகள் அங்கேயே வளர்வர், அவர்களுக்கு வேண்டுவன இனி அரண்மனையிலிருந்து வரும். தோணிகளை முழுதும் ஒட்டி முடித்திடுக. நீரும் சேந்தனாரும் ஒருசேரச் சம்மதிக்கும்வரை அவற்றுள் ஒன்றும் நீரைத் தொடலாகாது; நம் பெயரைச் சொல்லி எவர் வந்து நின்றாலும் தொடலாகாது. கயிறும் கீலும் இவ்வோலையோடு வண்டியேறிவிட்டன. அதுவரை மேற்குன்றத்து உப்பு கணவாய் வழியாகப் பொதிமாட்டின்மேல் போகட்டும். முதற்பொதியோடு நீரே செல்லும். ஊர் கூடியிருக்கையில் நடந்தது இன்னதென்று உம் வாயால் சொல்லும். அவர்கள் வார்க்கும் கூழைக் குடித்து வாரும். நாம் குடித்தோம், நீரும் குடிக்கவேண்டும்.

வினையோலை இனி அரண்மனையில் எழுதப்படாது. கொற்றனார் இவ்வோலையோடு உம் துறைக்கே வருகிறார். அவருக்கு ஒரு பாயும் குடிக்க நீரும் கொடுத்து மணலில் அமர்த்தும். துடுப்புப் போடுவோரும் தைப்போரும் வாருவோரும் சூழ்ந்திருந்து ஆகும் ஆகாது என்று சொல்லச் சொல்ல அவர் எழுதட்டும். ஓர் ஓலை போதாவிடில் இன்னோர் ஓலையைக் கோக்கட்டும். நம் நாட்டில் பனைக்குப் பஞ்சமில்லை. எழுதியதை அவர் உரக்கப் படிக்கவேண்டும், கேட்டவர் சரி என்னவேண்டும், அதன் பின்னரே அது ஓலை. திங்கள்தோறும் வேலை எவ்வாறு போகிறதென்று எழுதுவீர். நன்றாகப் போகாதபோது முதலில் எழுதுவீர். மாற்றவேண்டியதை அங்கேயே மாற்றிவிட்டு நமக்குச் சொன்னால் போதும். மாற்றிவிட்டுச் சொல்லாதிருந்தால் மட்டும் நம் கோபத்தைக் காண்பீர்.

இவ்வோலை அவையோர் கேட்கப் படிக்கப்பெற்றது. அமைச்சர் கொற்றனார் கேட்டுத் தலைகவிழ்ந்து ஏற்றார். அலைமுத்திரை அரக்கில் அழுந்திற்று. இதனைக் கொண்டுசெல்வோர் கால் நோகாதிருப்பதாக. பெறுவோர் கை சோராதிருப்பதாக. இது மேவும் துறையில் எவர் வீட்டிலும் அழுகுரல் எழாதிருப்பதாக.

முத்திரைக்குக் கீழே, எழுத்தரை வெளியே அனுப்பிவிட்டு, நம் கையால் எழுதுவது: ஒட்டி முடித்த தோணிகளுள் முதலாவது திட்டைத் தாண்டும்போது அதில் கொற்றனார் இருப்பார். அவர் பக்கத்தில் நாம் இருப்போம். இருவருக்கும் நீந்தத் தெரியாது. எந்நாள் என்று நீர் எழுதும்.