கணவரின் பரிசோதனை

மயூர் விஹார்,
14.9.2004

என்மேல் கோபமாக இருக்கும் உனக்கு,

என் குரல் கேட்டதும் உன் அம்மா போனை வைத்துவிடுகிறார். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

உனக்கு எச்.ஐ.வி. என்று ரிப்போர்ட் வந்த அன்று, "யார்கிட்டேர்ந்து வந்துது?" என்று கேட்டேன். நீ ஊருக்கு ரயில் ஏறிவிட்டாய்.

முதலில் பிறக்கப்போகும் குழந்தை பற்றி. எங்கள் லேபில் இந்தக் கிருமி உள்ள தாய்மார்களின் நஞ்சுக்கொடியைத்தான் சோதிக்கிறோம். அதிலுள்ள எதிர்ப்பு அணுக்கள் பெரும்பாலும் கிருமியைக் குழந்தையிடம் விடுவதில்லை. ஆனால் அவையே அளவு மீறிக் கொந்தளித்தால் அந்தத் தடுப்பு பலவீனமாகும் போலிருக்கிறது. எப்போது காக்கும், எப்போது கெடுக்கும்? இரண்டு வருடமாகப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. உன் வயிற்றில் என்ன நடக்கிறதென்றும் தெரியவில்லை. வலி எடுத்ததும் உனக்கு ஒரு மாத்திரை, பிறந்ததும் குழந்தைக்குக் கொஞ்சம் மருந்து. அது உதவும் என்பது மட்டும் தெரியும். உங்கள் ஊரில் அது கிடைக்காது, இங்கே கிடைக்கும். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று அடம்பிடிக்காமல் வா.

எங்கள் படிவத்தில் 'கணவரின் பரிசோதனை' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் காலியாகவே வரும். அந்தக் கணவர்களை நான் திட்டுவேன். போன வாரம், என்னுடன் வேலை செய்யும் ப்ரீதா சிரிக்காமல் கேட்டாள்: "உங்களோடது மட்டும் என்ன அண்ணா, அதுவும் காலிதானே?"

ரத்தம் கொடுத்தேன். பாசிட்டிவ்.

காய்ச்சல்கூட வந்ததில்லை எனக்கு. ஒன்றும் விளங்கவில்லை. கல்யாணத்துக்கு முன் புனேயில் இருந்த வருடத்தைப் பற்றி உன்னிடம் நான் பேசியதே இல்லை.

என் ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவிடம் உன்னுடையதைக் காட்டுவதற்கு முன் இதைக் காட்டு.

உன் கணவன்