பொன்னுருக்குக்கு முன்

ஊஸ்டர்,
25.04.1992

அன்புத் தோழி கிறிஸ்ரினாவுக்கு,

நான் சுகம். நீயும் ஷ்லீரனில் உன் அண்ணை வீட்டில் குளிருக்குப் பழகியிருப்பாய். என்னோடு ஒன்றாய்ப் பயணம் வந்து இறங்கியவள், ஒரு கடிதம்கூடப் போடவில்லை. கோபம்தான்.

இந்தச் சுவிஸ் ஊரில் நம்மவர்களில் ஆண்கள்தான் நிறைய. அறைக்கு ஆறு பேராய் வந்து குடியேறியவர்கள். எங்களைப்போலப் பெண்களை விரல்விட்டு எண்ணலாம். "பெடியள் மட்டும் இருந்தால் அது ஊராகுமே? நீங்கள் வந்துதான் ஊராக்கவேணும்" என்கிறார் அக்கா. எனக்குப் பேசியிருக்கும் தவச்செல்வனின் அக்கா. நான் தங்கியிருப்பதும் அவர் வீட்டில்தான்.

ஊரை ஆக்கலாம். ஆனால் படத்தைப் பார்த்துப் பேசி முடித்த மனிதரோடு எப்படி வாழ்வது? அவருக்கு உணவகத்தில் சமையல் வேலை. வாரத்தில் ஒருநாள் வருவார், தேநீர் குடிப்பார், "சுகமோ?" என்பார், போய்விடுவார். இதில் குணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த மாதம் பதினேழாம் திகதி பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கிய பிறகு வேண்டாம் என்றால் இரண்டு குடும்பத்துக்கும் அவமானம். சொல்வதானால் அதற்குமுன் சொல்லவேண்டும். பயமாயிருக்கிறது.

உன் பவதாரணி

ஷ்லீரன்,
30.04.1992

பவா,

கோபிக்காதே. விடியக் கட்டடம் துப்புரவாக்கும் வேலை, பின்னேரம் டொச் பாஷை வகுப்பு. இருந்து எழுத நேரமில்லை.

அண்ணையிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். "பிடிக்காட்டில் இஞ்சை வரச்சொல்லு. ஆர் கேட்டாலும் நான் கதைக்கிறன்" என்றார். ஆகவே உனக்குப் போக்கிடம் இல்லை என்று நினைக்காதே. ஆனால் பயத்தில் வேண்டாம் என்று சொல்லாதே. பயத்தில் ஓம் என்றும் சொல்லிவிடாதே. அவரிடமே கேள். வாய் உனக்குக் குறைவில்லையே.

அன்புடன்,
கிறிஸ்ரினா

ஊஸ்டர்,
12.05.1992

என் அருமைக் கிறிஸ்ரினா,

ஒரு கூத்து நடந்தது. இங்கே மாடிவீட்டுக்காரர் எல்லாருக்கும் பொதுவாகக் கீழே உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்று. வீட்டுக்கொரு நாள். அடுத்தவர் நாளில் மிசினைத் தொடக்கூடாதாம். எனக்கு யார் சொன்னார்கள்? போய்ப் பார்த்தால் மிசினுக்குள் வெள்ளைத் துணிகள், பாதி இடம் வெறுமை. தண்ணீரை ஏன் வீணாக்குவான் என்று, அம்மா மஞ்சளில் நனைத்துத் தந்துவிட்ட துணியையும் அதற்குள் போட்டு ஓடவிட்டேன்.

மேல்மாடி எலேனாவின் படுக்கை விரிப்புகள் அவை. சவர்க்காரம் பட்டு மஞ்சள் சிவந்து எல்லாம் ஒரே நிறம். அந்தப் பெண் போட்ட சத்தத்தில் நான் அழுதுவிட்டேன். வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று அக்கா நடுங்கினார்.

அந்த நேரம் பார்த்துத் தவச்செல்வன் வந்தார். தன் நெஞ்சைத் தொட்டு டொச்சில் ஏதோ சொன்னார். தானே போட்டதாகச் சொல்கிறார் என்று விளங்கியது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. "நைன். இஹ்", இல்லை, நான்தான் என்று முன்னால் போய் நின்றேன். எலேனா எங்களை மாறிமாறிப் பார்த்தாள். கோபம் பாதியில் நின்றுவிட்டது. வெயிலில் போட்டால் மஞ்சள் வெளிறும் என்று தவச்செல்வன் அவளுக்கு விளக்க, நாங்கள் இருவரும் புல்வெளிக் கொடியில் விரிப்புகளைக் காயப்போட்டோம்.

அங்கேதான் கேட்டேன். "நான் வேண்டாம் எண்டு சொன்னால் என்ன செய்வியள்?"

"எனக்குத்தான் விருப்பமில்லை எண்டு அக்காவிட்டைச் சொல்லுவன். உம்மிலை ஒரு சொல்லும் வராது."

"அந்தப் பழியையும் நீங்களே எடுக்கப் போறியளோ?"

சிரித்தார். "வேறை என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யவேண்டாம். எனக்கு விருப்பம்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

விரிப்புகள் வெளுத்துவிட்டன. எலேனா நேற்றுக் கேக் கொண்டுவந்து தந்தாள். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது, இரவில் நன்றாக நித்திரை வருகிறது. கலியாணத்துக்கு நீயும் அண்ணையும் கட்டாயம் வரவேண்டும்.

ஒரேயொரு குறை. பொன்னுருக்கினால் தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாதாம். பொன்னுருக்கிலிருந்து கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு மேல் கிடக்கிறது. இந்த வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை.

உன் பவதாரணி