பறிமுதல் செய்த ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு வயரை மாற்றிவிட்டேன்

அனுப்புநர்:
எஸ். வைத்யநாதன்,
ரயில்வே சிக்னல் இன்ஸ்பெக்டர் (ஓய்வு),
விஜயநகர் இரண்டாம் ஸ்டேஜ், மைசூர்.

பெறுநர்:
காவல் உதவி ஆய்வாளர் அவர்கள்,
எங்கள் பகுதிக் காவல் நிலையம், மைசூர்.

பொருள்: எதிர்வீட்டு திரு. கிருஷ்ணராஜின் காரிலிருந்து என் புகாரின் பேரில் கைப்பற்றப்பட்டு என் வீட்டிலேயே வைக்கப்பட்டுள்ள சப்-ஊஃபர் பெட்டி, ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றை ஆயுத பூஜைக்கு முன் அவரிடம் திருப்பித் தர வேண்டுவது; அவற்றில் நான் செய்த மாற்றத்தைத் தெரிவிப்பது; நன்றி.

பார்வை: 1) 2.3.1997 தேதியிட்ட என் புகார். 2) 6.7.1997 அன்று நான் கையெழுத்திட்ட பொறுப்புச் சீட்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மார்ச் மாதம் கொடுத்த புகாருக்கு ஜூலை மாதமே நடவடிக்கை எடுத்ததற்கு முதலில் என் நன்றி. நான்கு மாதம் தாமதமல்லவா என்று சிலர் கேட்டார்கள். எங்கள் தெருவிளக்கைப் பற்றி நான் வேறோர் அலுவலகத்துக்கு 1989-இல் கொடுத்த மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

2. தாங்கள் கொள்ளேகால்காரர், தமிழ் நன்றாக வாசிப்பீர்கள் என்று தலைமைக் காவலர் திரு. தொட்டையன் சொன்னதால் தமிழில் எழுதுகிறேன். கோப்புக்காகக் கன்னட நகலும் வைத்திருக்கிறேன். அதை எழுதியவள் என் மகள் சைத்ரா. நன்றி சொல்லும் இடங்களையெல்லாம் நீளம் கருதி அவள் விட்டுவிட்டாள். ஆகவே தமிழ்ப் பிரதியையே மூலமாகக் கொள்ள வேண்டுகிறேன்.

3. என் புகாரின் சாரம்: கிருஷ்ணராஜ் தம் பழைய ஃபியட் காரின் டிக்கியில் பன்னிரண்டு அங்குல சப்-ஊஃபர் இரண்டைப் பெட்டியாகப் பொருத்தி, ஆம்ப்ளிஃபயர் இணைத்து, மாலை வேளைகளில் அளவுக்கு மீறிய பேஸ், அதாவது ‘தும் தும்’ என்ற அடிநாத ஒலியால் தெருவை அதிரவைக்கிறார் என்பது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை திருமதி உமாதேவியும் அதில் கையெழுத்திட்டிருந்தார்.

4. ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், திரு. தொட்டையன் வந்து பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் முழு வயரோடு கழற்றி எடுத்தார். நிலையத்தின் சாமான் அறையில் மழை ஒழுகுவதால், நம்பகமான ஒருவர் பொறுப்பில் அவற்றை வைக்க வேண்டியிருந்தது. தெருவில் நம்பகமானவர் யார் என்று விசாரித்ததில் என் பெயர் வந்தது. “உங்க புகாரு, உங்க தெரு. நீங்களே வெச்சுக்குங்க சார், பத்திரமா இருக்கும்” என்றார். எந்த ஒலியைத் தாங்காமல் புகார் கொடுத்தேனோ, அதை உண்டாக்கும் சாதனம் அன்று மாலை முதல் என் கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது. காவல் துறை என் மீது வைத்த நம்பிக்கைக்கு நன்றி.

5. பொறுப்புச் சீட்டில் மூன்று நிபந்தனைகள். பொருள்கள் கைப்பற்றிய நிலையிலேயே இருக்க வேண்டும். அவை நல்ல நிலையில் இயங்க வேண்டும். எதிர்மனுதாரர் அவற்றைத் தொடக்கூடாது. முதல் இரண்டும் ஒன்றே என்று எண்ணித்தான் கையெழுத்திட்டேன். இந்தப் பெட்டி விஷயத்தில் அவை ஒன்றல்ல.

6. இயங்குகிறதா என்று தெரிய இயக்கிப் பார்க்க வேண்டுமல்லவா? ஆகஸ்ட் முதல் வாரம், வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் ஆம்ப்ளிஃபயரை இணைத்து, டேப் ரிக்கார்டரிலிருந்து ஒரு மிருதங்கக் கச்சேரியைக் கொடுத்தேன். எவ்வளவு கூட்டினாலும் மிருதங்கத்தின் இடப்பக்கம், அதாவது பேஸ் வரும் பக்கம், கேட்கவே இல்லை. வலப்பக்கம் மட்டும் டப்பா தட்டியதுபோல் கேட்டது. கிருஷ்ணராஜ் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, மூன்றாம் நிபந்தனையை மதித்து, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி யோசனை சொன்னார். காரிலும் இப்படித்தான் இருந்ததாம். பேஸ் வரவில்லையே என்றுதான் தினமும் கூட்டிக் கூட்டி வைத்தாராம். குத்திக்காட்டவும் தவறவில்லை. “ரயிலுக்கெல்லாம் பச்சை காட்டின கை சார் உங்களுது. எங்க தெருவுல என் ஒரு வண்டிக்கு மட்டும் சிவப்பு போட்டுட்டீங்க” என்றார்.

7. நான் முப்பத்துநான்கு வருஷம் சிக்னல் வயர் பார்த்தவன். ஒரு டார்ச் செல்லை எடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் வயர் முனைகளிலும் தொட்டுப் பார்த்தேன். ஒன்றின் காகிதக் கூம்பு வெளியே தள்ளியது. மற்றதன் கூம்பு உள்ளே இழுத்தது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது அதை விழுங்கினால் பேஸ் எப்படி வரும்? சென்ற வருஷ அரண்மனைத் தசரா தீபாலங்காரத்தில் மிஞ்சிய வயரைக் கிருஷ்ணராஜ் வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் இரண்டு இழையும் ஒரே மஞ்சள் நிறம். பல்பு எப்படி இணைத்தாலும் எரியும் என்பதால், எது பாசிடிவ், எது நெகடிவ் என்று அரண்மனைக்கே கவலை இல்லாத வயர் அது. ஒரு ஸ்பீக்கரில் இணைப்பு தலைகீழாகிவிட்டது.

8. ஆகவே என் புகாரில் ஒரு பிழையைத் திருத்தக் கடமைப்பட்டிருக்கிறேன். “அளவுக்கு மீறிய பேஸ்” என்று எழுதியிருந்தேன். அந்தக் காரில் பேஸ் என்பதே இருக்கவில்லை. இல்லாத ஒன்றைப் பற்றித்தான் நானும் திருமதி உமாதேவியும் கையெழுத்திட்டுப் புகார் செய்திருக்கிறோம். நாங்கள் நான்கு மாதம் கேட்டது, முழு வால்யூமில் வைத்ததால் ஆடிய டிக்கி மூடியும் நம்பர் பிளேட்டும்.

9. இன்னொன்றும் கண்டேன். பேட்டரியிலிருந்து டிக்கிவரை போன மெயின் வயரில் ஃப்யூஸ் இல்லை. எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுத் துளையில் உரசி, ஓரிடத்தில் செம்பு வெளியே தெரிந்தது. இன்னும் சில வாரம் ஓடியிருந்தால் கார் தீப்பற்றியிருக்கும். அந்தக் காரில்தான் அவர் தம் தாயார் மல்லம்மாளை வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். தங்கள் நடவடிக்கை ஒலியைத் தடுத்ததோ இல்லையோ, ஒரு தீயைத் தடுத்தது. இதை அந்தச் செம்போடு காட்டியபோது கிருஷ்ணராஜ் சுவர்மேல் குனிந்து உற்றுப் பார்த்தார். பிறகு தம் சார்பிலும் தங்களுக்கு நன்றி எழுதச் சொன்னார். தன் பொருளைப் பறிகொடுத்தவர் அதற்காக நன்றி சொல்வது நிலையத்தின் பதிவேட்டில் இடம்பெறத் தக்கது என்று நினைக்கிறேன்.

10. இப்போது என் ஒப்புதல். தவறான இணைப்பை மாற்றினேன். மெயின் வயரில் ஃப்யூஸ் சேர்த்தேன். முதல் நிபந்தனையை மீறியவன் நானே. கிருஷ்ணராஜ் சுவரைத் தாண்டவில்லை. அதன் பிறகு வால்யூமைக் கால் பங்கு வைத்தாலே மிருதங்கத்தின் இடப்பக்கம் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நல்ல நிலையில் இயங்குவதைத் தினமும் மாலை ஐந்து முதல் ஆறு வரை உறுதிசெய்து வருகிறேன். “ஏன்னா, புகார் குடுத்ததும் நீங்கதான், டெய்லி போடறதும் நீங்கதானா?” என்று என் மனைவி திரிபுரசுந்தரி கேட்கிறாள். கேட்டுவிட்டு எழுந்து போவதில்லை.

11. சென்ற புதன்கிழமை திருமதி உமாதேவி வந்து, அந்தச் சனியன் ஒழிந்ததிலிருந்து தெரு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லித் தங்களுக்குத் தம் நன்றியையும் தெரிவிக்கச் சொன்னார். அப்போது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. காபி முடியும்வரை கேட்டுவிட்டு, மிருதங்கம் யார் என்று விசாரித்துக்கொண்டு போனார். சாட்சியமாக இதைக் குறிப்பிடுகிறேன்.

12. கிருஷ்ணராஜுக்கு வயது நாற்பத்தொன்று. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, வரும் ஆயுத பூஜையன்று கார் ஸ்டீரியோ பொருத்தும் கடை திறக்கிறார். திறப்பு விழாப் பத்திரிகை அச்சாகிவிட்டது. வாடிக்கையாளர்களுக்குக் கேட்கவைத்துக் காட்ட அவரிடம் இருப்பது இந்த ஒரு பெட்டிதான். அது இல்லாவிட்டால் கடை வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு, காலி டிக்கியைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். அந்த டிக்கி காலியானது என் கையெழுத்தால்.

13. ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து, (அ) என் புகாரை நான் திரும்பப் பெறுவதை ஏற்று, (ஆ) ஆயுத பூஜைக்கு முன் பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் கிருஷ்ணராஜிடம் ஒப்படைக்க உத்தரவிட்டு, (இ) மாற்றத்துக்காக நடவடிக்கை எடுப்பதானால் அதை என் மீது எடுக்குமாறு வேண்டுகிறேன்.

14. கைப்பற்றிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று விதி இருந்தால், பழைய தவறான இணைப்பை மீண்டும் போட இரண்டு நிமிஷம் போதும். மற்ற எல்லா உத்தரவுக்கும் கட்டுப்படுகிறேன். ஆனால் சரியாக இருக்கும் வயரைத் தெரிந்தே தவறாக இணைப்பதை என் கை முப்பத்துநான்கு வருஷம் செய்ததில்லை. அந்த ஒரு வேலைக்கு மட்டும் தயவுசெய்து நிலையத்திலிருந்து யாரையாவது அனுப்பிவையுங்கள். மாலை ஐந்து மணிக்கு வந்தால் நல்லது. முதலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்கட்டும். அதன் பிறகும் அவருக்கு மனம் வந்தால், ஸ்க்ரூ டிரைவரை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

இடம்: மைசூர்
தேதி: 29.9.1997

நன்றியுடன்,
(ஒப்பம்) எஸ். வைத்யநாதன்

இணைப்பு:
1. புகார் நகல்.
2. பொறுப்புச் சீட்டு நகல்.
3. கன்னடப் பிரதி (நன்றி நீங்கலாக).
4. டார்ச் செல் ஒன்று. தாங்களே தொட்டுப் பார்க்க.