பைசான் தடுக்கி விழவில்லை

தாராவி, மும்பை
14.9.2025, ஞாயிறு

அன்புள்ள என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

விஜயராணி எழுதுவது. நான் சுகம். ஒசூர்க் குளிர் உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொண்டதா என்று தெரியவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் கேட்டதாகக் காட்டுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் நீங்கள் வேலை பார்க்கும் ஸ்கூல் விலாசத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பீர்கள். கடைசிவரை படித்துவிடுங்கள்.

வீட்டில் குறை ஒன்றும் இல்லை. மழைக்கு மாடித் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகியது, ஆள் வைத்துத் தார் பூசிவிட்டேன். செம்பூர் நர்சரியில் ஆயா வேலை அப்படியேதான் போகிறது. தண்ணீர் மட்டும் காலை ஐந்து மணிக்கே வந்து நின்றுவிடுகிறது.

உங்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் பேட்சை இப்போது நான்தான் பார்க்கிறேன். நீங்கள் போன அடுத்த வாரமே பிள்ளைகள் பந்தோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். சார் வேலையாக ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியும் போகவில்லை. எனக்கு என்ன தெரியும், பத்து வருஷமாக உங்களுக்குத் தண்ணீர்க் கேன் தூக்கிக்கொண்டு வந்து மைதானத்தில் உட்கார்ந்தவள். பார்த்ததை வைத்துச் சமாளிக்கலாம் என்று போனேன்.

முதல் நாள் உங்கள் பழைய விசிலை எடுத்து ஊதினேன். இருபது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கையை முகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊதியது நான் என்று தெரிந்தும் அப்படிச் செய்தார்கள். அன்றோடு விசிலைப் பெட்டியில் போட்டுவிட்டேன். இப்போது கையைத் தட்டித்தான் கூப்பிடுகிறேன்.

பந்தோடு ஓடுவதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது தப்பென்று சொல்ல மாட்டேன். எதிரே ஆள் இல்லையென்றால் பந்தை நாலு அடி முன்னால் தள்ளிவிட்டு ஓடு, ஆள் வந்தால் காலுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னத் தட்டாகத் தட்டு, உள் பாதம், வெளிப் பாதம், ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே தலையைத் தூக்கிப் பார். இதையெல்லாம் நீங்கள் கத்தியது என் காதில் அப்படியே இருக்கிறது. அதைத்தான் நானும் சொல்கிறேன், கத்தாமல். மணல் நிரப்பிய பாட்டில்களை வரிசையாக வைத்து வளைந்து வளைந்து ஓட விடுகிறேன். தரையைப் பார்த்து ஓடுகிற பிள்ளை ஒருநாளில் மாறிவிடாது. நாலைந்து வாரத்தில் தானாகவே தலை நிமிர்கிறது.

நீங்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. எதிரே நின்று விசில் ஊதி விரலைக் காட்டுவீர்கள். பந்தைப் பார்க்காமல் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். குனிந்து பார்த்தால், காலடியில் வைத்திருக்கும் இன்னொரு பந்தை முகத்துக்கு உதைப்பீர்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

இனி பைசான் விஷயம்.

மே மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. பைசானைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்விட்டு வந்து, சட்டையில் ரத்தத்தோடு சமையல்கட்டில் நின்று நீங்களே என்னிடம் சொன்னீர்கள். பந்து இடது கண்ணில் பட்டது, விழுந்ததில் கல் குத்திப் புருவம் கிழிந்தது என்றீர்கள். டாக்டர் கண்ணில் ஏதாவது பட்டதா என்று கேட்டாராம். இல்லை, ஓடும்போது தடுக்கி விழுந்தான் என்று சொல்லிவிட்டீர்களாம். ஆட்டோவில் போகும்போதே பையனிடம், “வேற மாதிரி சொன்னே, டீம்ல கிடையாது” என்று சொல்லி வைத்ததாகவும் சொன்னீர்கள். அதைச் சாமர்த்தியமாகச் செய்துவிட்ட மாதிரித்தான் சொன்னீர்கள். டாக்டர் புருவத்தைத் தைத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் நான் ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு அவன் உம்மா ஆபிதாவைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். “சார் நல்லவேளை உடனே தூக்கிட்டு ஓடுனாங்க அக்கா, இல்லாட்டி என்ன ஆயிருக்கும்” என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீங்கி மூடிய கண்ணோடு அந்தப் பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அவனுக்கு. நான் சொல்லவில்லை. நீங்கள் குரலை உயர்த்தினால் நானும் தரையைப் பார்க்கிறவள்தான்.

பதினெட்டு நாள் அவன் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணில் புகை மாதிரி ஏதோ இறங்கிக்கொண்டே வந்ததாம். பிறகு கறுப்புத் துணி போட்ட மாதிரி ஆகிவிட்டதாம். இடது பக்கம் இருந்த கதவில் இரண்டு தடவை மோதிய பிறகுதான் ஆபிதா கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உள்ளே இருக்கும் திரை கிழிந்து பிரிந்துவிட்டது, அடிபட்ட ஒன்றிரண்டு நாளில் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்களாம். ஆபரேஷன் செய்தார்கள், பார்வை வரவில்லை. அந்த வாரம்தான் ஒசூரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி நீங்கள் பெட்டியைக் கட்டினீர்கள்.

ஜூலையில் அவன் மறுபடியும் மைதானத்துக்கு வந்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாட்டில்களில் இடது பக்கம் இருப்பதையெல்லாம் தட்டிவிட்டான். ஒவ்வொன்றையும் ஓடிப்போய் நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தான். நான் யோசித்து யோசித்து அவனை இடது கோட்டை ஒட்டியே ஓட விட்டேன். அங்கே ஓடினால் மைதானம் முழுக்க அவனுடைய நல்ல கண்ணின் பக்கம் இருக்கும். இரண்டே வாரத்தில் அவனைப் பிடிக்க ஆள் இல்லை. ஒருநாள் மூச்சு வாங்க என்னிடம் வந்து, “சார் வந்தா சொல்லுங்க அக்கா, இப்ப நான் கீழயே பாக்குறதில்ல” என்றான். உங்கள்மேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை. தான் குனிந்ததுதான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வைத்ததும் அவன்தான். போன மாதக் கடைசியில் அவன் வாப்பாவின் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தான். உங்கள் ஸ்கூல் போட்ட வீடியோ. “அக்கா, நம்ம சார்.” சிவப்பு பனியன் போட்ட சின்னப் பிள்ளைகள் பந்து தட்டிக்கொண்டு வந்தார்கள். எதிரே நீங்கள் விரலைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். உங்கள் காலடியில் இன்னொரு பந்து. வரிசையில் கடைசியாக வந்த பையன், எட்டு வயதுகூட இருக்காது, ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டே தட்டிக்கொண்டு வந்தான். பைசான் அதைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுப் பார்த்தான். “இந்தப் பையன் புதுசு, இவனுக்கு இன்னும் தெரியல” என்றான்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் ஆபிதாவிடம் போய்ச் சொன்னேன். அவள் பர்ஸுக்கு உள்துணி தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்தவில்லை. ஓரத்தை முடித்து, நூலை அறுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

அன்றைக்கே தெரியும் என்றேன்.

“ஹார்லிக்ஸ் கொண்டாந்தீங்களே, அப்பவும் தெரியுமா?”

தெரியும் என்றேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. எழுந்து, அலமாரியிலிருந்து அந்த பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தாள். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து பைசான் மைதானத்துக்கு வருவதில்லை, அவளும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதற்காக நான் வருத்தப்படக் கூடாது.

அவன் வாப்பா ரஹ்மத்துல்லா குர்லா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். நீங்கள் என்னிடம் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டேன். உங்கள் ஸ்கூல் முதல்வருக்கும் தனியாக ஒரு கடிதம் இதோடு சேர்த்தே அனுப்புகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டுக்கு நீங்கள் திரும்பி வரும்போது நான் இருப்பேனா என்று கேட்டால், இப்போது எனக்குப் பதில் தெரியாது.

பைசானையும் விசாரித்தார்கள். வாப்பாவும் உம்மாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அடிக்கவில்லை, நானாகத்தான் விழுந்தேன் என்று இந்தியில் சொன்னான். இன்ஸ்பெக்டர் சாக்லேட் கொடுத்துக் கேட்டார், அதட்டியும் கேட்டார். மறுபடியும் அதையேதான் சொன்னான். ஆபிதா அங்கேயே அவன் கன்னத்தில் அறைந்துவிட்டாள். வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் பேசினான். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சார்கிட்ட நான் சொல்லியிருக்கேன். நீங்க ஏன் அக்கா சொன்னீங்க?” அழுதுகொண்டே வாப்பாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அந்தப் பதினெட்டு நாளும் அவனுக்கு வலித்திருக்கும், பயமாக இருந்திருக்கும். பதினோரு வயதுப் பிள்ளை எப்படித் தாங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் எனக்காக எதுவும் செய்ய வேண்டாம். வீட்டுக்கும் வர வேண்டாம். ரஹ்மத்துல்லாவின் நம்பரைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை அழைத்து, போனைப் பையனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நடந்ததைச் சொல்லலாம் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். சார் சொல்லாமல் அவன் சொல்ல மாட்டான்.

இப்படிக்கு,
விஜயராணி