நீ துலாம் லக்னமாக இருந்த வருடங்கள்

இன்று காலை தே தாரிக் குவளையை மேசைமேல் வைக்க ஏதாவது அட்டை தேடினேன். கையில் கிடைத்தது உன் ஜாதகம். பிரிக்பீல்ட்ஸில் நகலெடுக்கும் கடையில் கொடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தாயே, அதுதான். குவளையைத் தூக்கியபோது ஏழாம் கட்டத்தின்மேல் வட்டமாக ஈரம். துடைத்தேன், போய்விட்டது. உள்ளே சனி அப்படியே இருந்தான்.

அந்த ஜோதிட வகுப்பில் நீதான் என்னையும் சேர்த்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில். ஆத்மாவைப் பற்றிப் பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில்தான் கீழே மீன் பொரிப்பார்கள். அங்கு வந்தவர்களில் யாரும் வருங்காலம் தெரிந்துகொள்ள வரவில்லை; அது பாமரர் வேலை. நாம் நம்மை நாமே அறிய வந்திருந்தோம். "ஜாதகம் என்ன நடக்கும்னு சொல்றதுக்கு இல்ல, நீங்க யாருன்னு சொல்றதுக்கு," என்றார் ஆசிரியர். எல்லோரும் எழுதிக்கொண்டோம்.

நீ யாரென்று தெரிந்துகொள்ள உனக்கு அவசரமான காரணம் இருந்தது. உன் மனைவி சாந்தி கோபித்துக்கொண்டு பந்திங்கில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். போர்ட் கிள்ளானில் எந்த லோரி எந்தக் கொள்கலனை ஏற்ற வேண்டும் என்று நாள் முழுக்க உத்தரவு போட்டுவிட்டு வருகிறவன் நீ. வீட்டிலும் அதே குரலில் பேசினாய் என்பது அவள் புகார். "நான் ஏன் இப்படி இருக்கேன்னு கண்டுபிடிக்கணும்டா. கண்டுபிடிச்சிட்டு நேரா பந்திங் போறேன்," என்றாய்.

கைப்பேசிச் செயலியில் பிறந்த நேரத்தைப் போட்டாய். துலாம் லக்னம் என்றது. தராசு. எதையும் எடைபோட்டுக்கொண்டே இருப்பவன், முடிவெடுக்க முடியாதவன் என்று ஆசிரியர் விளக்கினார். அசந்துபோனாய். நானும்தான், மீ கோரெங்கா ரொட்டி சானாயா என்று முடிவுசெய்ய நீ எடுத்துக்கொள்ளும் நேரம் எனக்குத் தெரியும். பிறகு ஏழாம் கட்டத்துப் பாடம் வந்தது. அது துணைக்குரிய இடம். உனக்கு அங்கே சனி, அதுவும் நீச்சமாக. நீ முகம் வாடுவாய் என்று எதிர்பார்த்தேன். மாறாக, பல மாதங்களில் முதல் முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டாய்.

"பாத்தியா? அவ தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல."

அன்று மாலை கீழே கடையில் உட்கார்ந்திருந்தபோது சாந்தி அழைத்தாள். கை முழுக்கக் குழம்பு என்று கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்தாய். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். நீ பொறுமையாக, பாடம் எடுப்பதுபோல, ஏழாமிடத்தை விளக்கினாய். அவள் முழுவதும் கேட்டாள்.

"சனி இருக்கட்டும். நீங்க வாங்க."

நீ போகவில்லை. முதலில் கோச்சாரம் சரியில்லை என்றாய், அப்புறம் தசை முடியட்டும் என்றாய். நானும் உன்னைப் போகச் சொல்லவில்லை. எனக்கு மூன்றாமிடத்தில் செவ்வாய், சகோதரக் கட்டம். செலாயாங்கில் இருக்கும் தம்பி என்னோடு ஏன் பேசுவதில்லை என்பது அதே வகுப்பில்தான் எனக்கும் விளங்கியிருந்தது. ஒருவர் விளக்கத்தை ஒருவர் மெச்சிக்கொண்டு இரண்டு படித்த மனிதர்கள் ஏழு வருடம் ஓட்டினோம். உன் வயிற்றுவலியையும் சனியின் கணக்கில்தான் சேர்த்தாய். மருத்துவர் அதற்கு வேறு பெயர் சொன்னபோது நோய் ஈரல்வரை போயிருந்தது.

கிள்ளான் மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில் பெரியவர் தன் ஜாதகத்தைப் பார்க்கச் சொன்னார். செயலி மகர லக்னம் என்றது. "எங்கப்பா பொறந்த அன்னிக்கே எழுதி வச்சது கும்பம். ஒன் போன்தான் தப்பு பாஸ்," என்றார் அவர். நீ அவரிடம் அரை நாள் வாதாடினாய். நான் வந்தபோது மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"டேய், நாம ஆறாம் வகுப்பு முடிச்சு புதுமுக வகுப்பு போன வருஷம் ஞாபகம் இருக்கா? இருட்டுல எழுந்து ஸ்கூலுக்குப் போனோமே."

இருந்தது. அந்தப் புத்தாண்டில் இங்கே எல்லாக் கடிகாரங்களையும் அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் நாம். செயலியோ இன்றைய கடிகாரத்தை வைத்து நம்மைக் கணித்திருந்தது. அரை மணி நேரத்தைச் சரிசெய்து மறுபடி போட்டிருந்தாய். லக்னம் ஒரு கட்டம் நகர்ந்து விருச்சிகம் ஆகியிருந்தது. சனி ஏழாமிடத்தை விட்டு ஆறாமிடத்துக்குப் போயிருந்தான்.

"என்னைப் பாத்தா தேள் மாதிரியாடா இருக்கு?" என்றாய். எலும்பும் தோலுமாகக் கிடந்தாய். "ஆறுல சனி இருந்தா நோய் அண்டாதாம்லா. இத டாக்டர்கிட்ட காட்டு, டிஸ்சார்ஜ் பண்ணிடுவாரு."

இருவரும் சிரித்தோம். நீதான் முதலில் நிறுத்தினாய்.

"துலாம் மாதிரியே வாழ்ந்துட்டேன்டா. எவ்ளோ கரெக்டா வாழ்ந்துட்டேன்." பிறகு, "சாந்திக்குப் போன் போடு," என்றாய்.

மறுநாள் பந்திங்கிலிருந்து பஸ்ஸில் வந்தாள், கையில் கஞ்சியோடு. தலை நரைத்திருந்தது. நீ அவள் முகத்தைப் பார்க்காமல் கடிகாரம், லக்னம், கட்டம் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தாய். அன்று தொலைபேசியில் கேட்டதுபோலவே முழுவதும் கேட்டாள்.

"அப்போ இத்தன வருஷம் யாரோட ஜாதகத்தப் பாத்து நீங்க வராம இருந்தீங்க?"

"அதான் தெரியல சாந்தி."

"சரி. கஞ்சி ஆறுது, குடிங்க."

இரண்டு கரண்டி குடித்தாய். அதற்குமேல் இறங்கவில்லை. மிச்சத்தை மூடிவைத்துவிட்டு, மடியில் கைகளை வைத்துக்கொண்டு, பார்வையாளர் நேரம் முடியும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அந்த மாதம் முழுக்கத் தினமும் வந்தாள். அதற்கு அடுத்த மாதம் உனக்கு இருக்கவில்லை.

கருமக்கிரியை முடிந்த அன்று உன் சாமான்களை ஒழித்தபோது, லேமினேட் செய்த தாளை அவள்தான் என்னிடம் நீட்டினாள். "நீங்க வச்சிக்குங்கண்ணே. எனக்கு இதுல இருக்கறவரத் தெரியாது."

வகுப்புக்கு நான் இப்போது போவதில்லை. செயலி மட்டும் கைப்பேசியில் இருக்கிறது. நானும் நீ பிறந்த வருடம்தான். அரை மணி நேரத்தைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். நீ போனதிலிருந்து பல முறை திறந்து, பிறந்த நேரம்வரை அடித்து, மூடிவைத்திருக்கிறேன். இன்றும் தேநீர் ஆறும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். தம்பிக்கும் எனக்கும் நடுவில் இதுவரை செவ்வாய் நிற்கிறான். அவன் நகர்ந்துவிட்டால், அந்த இடத்தில் நிற்பதற்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.